டிவி எதிரே இருக்கிறது, போனுக்கு மட்டும் தெரியவில்லை

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், போன் மாடல் ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் இருப்பது 2018இல் வாங்கிய டிவி. பழைய போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் போன் திரை அப்படியே டிவியில் வந்துவிடும். அந்தப் போன் கீழே விழுந்து உடைந்ததும் வெளிநாட்டிலிருக்கும் மகன் புதிய போன் ஒன்றை அனுப்பினார். விலையும் அதிகம், கேமராவும் பிரமாதம். ஆனால் டிவியைத் தேடச் சொன்னால் 'சாதனங்கள் எதுவும் இல்லை' என்றே சொல்கிறது. ஊரிலுள்ள மொபைல் கடையில் காட்டினார். 'மதர்போர்டில் வைஃபை பகுதி போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும்' என்றார்கள். பார்த்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பிறகு மருமகன், டிவியின் பின்னால் செருகும் கூகுள் காஸ்ட் டாங்கிள் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். அதிலும் அதே பதில். ஆசிரியை போனை முழுமையாக ரீசெட் செய்து பார்த்தார். பயனில்லை; போனதெல்லாம் வாட்ஸ்அப் உரையாடல்கள்தான்.

கடிதத்தின் பிற்பகுதியில் அவர் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் மூன்று செய்திகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் உள்ளன. கீழே இணைய நிறுவனம் வைத்த ஃபைபர் மோடம். மாடியில் சிக்னல் போதவில்லை என்று மகன் விடுமுறையில் வந்தபோது கேபிள் இழுத்து மாட்டிய இன்னொரு ரவுட்டர். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. இரண்டாவது செய்தி: யூடியூபில் மட்டும், டிவியில் வரும் 12 இலக்க எண்ணைப் போனில் போட்டால் இணைப்பு கிடைக்கிறது. மூன்றாவது: ஒருநாள் மாலை மின்தடை நேரத்தில் போன் தானாகவே டாங்கிளைக் கண்டுபிடித்தது. பேத்தியின் நடன வீடியோவை டிவியில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். மின்சாரம் வந்து சற்று நேரத்தில் மறுபடியும் காணாமல் போய்விட்டது.

போனைப் பழுது பார்ப்பதா, டாங்கிளைத் திருப்பிக் கொடுப்பதா, புதிய டிவி வாங்குவதா, மின்சாரத்தில் கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா? இவை அவருடைய கேள்விகள்.

அம்மா, முதலில் எலக்ட்ரீஷியனை விட்டுவிடுங்கள். அந்த மின்தடைதான் உங்கள் வீட்டுக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போனின் வைஃபை பகுதி பழுதாகவில்லை. அந்தப் போனில் நீங்கள் வீட்டு வைஃபை வழியாக யூடியூப் பார்க்கிறீர்கள், மகனோடு வீடியோ அழைப்பில் பேசுகிறீர்கள். இணையத்தைக் கொண்டுவருவதும் டிவியைத் தேடுவதும் ஒரே வைஃபை சிப், ஒரே ஆன்டெனா. அது போய்விட்டிருந்தால் வீடியோ அழைப்பும் போயிருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கடைக்காரர் தன்னிடமே கேட்டிருந்தால் 4,500 ரூபாய் என்ற பேச்சே வந்திருக்காது. அவர் ஏமாற்றப் பார்த்தாரா, தெரியாமல் சொன்னாரா என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. போனைத் திறக்க நீங்கள் சம்மதிக்காததே பெரிய நல்ல காரியம். அதிகாரபூர்வ சேவை மையம் அல்லாத இடத்தில் திறந்த போனுக்குப் பிறகு வாரன்டி கேட்டுப் போனால் தகராறு வரும்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். இரண்டிலும் திரையில் வந்த வாசகம் ஒன்றாக இருந்ததால் ஒரே நோய் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

பழைய போன் செய்ததைப் புதிய போன் ஏன் செய்யவில்லை

'டிவியில் போடுவது' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று முறைகள் இருக்கின்றன.

மிராகாஸ்ட் என்பது 2012இல் வந்தது. போனும் டிவியும் நடுவில் ரவுட்டர் இல்லாமலேயே நேரடியாக வைஃபையில் கைகோத்துக்கொள்ளும்; போன் திரையில் இருப்பது அப்படியே டிவியில் தெரியும். உங்கள் 2018 டிவியில் 'ஸ்கிரீன் மிரரிங்' என்று இருப்பது இதுதான். உங்கள் பழைய போனும் இதையே பயன்படுத்தியது. கூகுள் காஸ்ட் என்பது 2013இல் குரோம்காஸ்ட் என்ற சிறு டாங்கிளோடு வந்த வேறொரு முறை. இதற்கு வீட்டு வைஃபை கட்டாயம். போனும் டாங்கிளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். யூடியூப் போன்ற ஆப்பிலிருந்து காஸ்ட் செய்யும்போது போன் வீடியோவை அனுப்புவதில்லை. 'இதைப் போடு' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, டாங்கிளே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் காஸ்ட் செய்துகொண்டே அதே போனில் பேச முடிகிறது. மூன்றாவது ஆப்பிளின் ஏர்பிளே. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வழி. ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது.

ஆண்ட்ராய்டு போன் என்றால் மிராகாஸ்ட் இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பில், கூகுள் தன்னுடைய போன்களிலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டது. பிக்சல் வரிசைப் போன்கள் எதிலும் அது இல்லை. சாம்சங் போன்ற நிறுவனங்கள் 'ஸ்மார்ட் வியூ' என்பதுபோல் தங்கள் சொந்தப் பெயரில் அதைத் தொடர்ந்து கொடுத்துவருகின்றன. ஆகவே பத்தாயிரம் ரூபாய்ப் போனில் இருப்பது எழுபதாயிரம் ரூபாய்ப் போனில் இல்லாமல் போகலாம். நீங்கள் எழுதியிருக்கும் மாடலில் மிராகாஸ்ட் இல்லை. பழைய டிவியோடு அது நேரடியாகப் பேசப் போவதே இல்லை. ரீசெட் செய்தாலும், அப்டேட் செய்தாலும், மதர்போர்டையே மாற்றினாலும்.

இந்த இடத்தில் உங்கள் மருமகன் செய்தது சரியான காரியம். கூகுள் காஸ்ட் டாங்கிளை வாங்கியதன் மூலம், புதிய போனுக்குப் புரிகிற மொழியில் பேசும் ஒன்றை டிவியோடு சேர்த்துவிட்டார். முதல் சிக்கல் அன்றே தீர்ந்தது. அவருக்குத் தெரியாமல் இரண்டாவது சிக்கல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது.

மின்தடை சொன்ன சாட்சி

காஸ்ட் பொத்தானை நீங்கள் தட்டியதும் போன் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு, 224.0.0.251 என்ற எண்ணுக்கு, ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. 'காஸ்ட் சாதனம் ஏதாவது இங்கே இருக்கிறதா?' என்பதுதான் செய்தி. ஒரு வளவுக்குள் நின்று 'யாரம்மா வீட்டில்?' என்று குரல் கொடுப்பதைப் போன்றது அது. அந்த வளவில் இருப்பவர்களுக்குக் கேட்கும், மதிலைத் தாண்டாது. அந்த முகவரிக்குச் செல்லும் செய்தியை ஒரு ரவுட்டர் தன் எல்லைக்கு அப்பால் கடத்தக் கூடாது என்பது வகுக்கப்பட்ட விதி.

உங்கள் மகன் மாடியில் மாட்டியது சாதாரண ரவுட்டர். அதை ரவுட்டராகவே இயங்க விட்டிருக்கிறார் என்று உங்கள் விவரங்களிலிருந்து தெரிகிறது. அப்படியானால் கீழே ஒரு நெட்வொர்க், மாடியில் தனியாக இன்னொரு நெட்வொர்க். பெயர் ஒன்றாக இருப்பதால் உங்களுக்கு ஒரே வைஃபைபோலத் தெரிகிறது. போனுக்குள் இவை இரண்டு வெவ்வேறு வளவுகள். டாங்கிள் கீழே ஹாலில் இருக்கிறது, ஃபைபர் மோடத்தோடு இணைந்திருக்கிறது. போன் இரவெல்லாம் மாடியில் சார்ஜில் கிடக்கிறது. காலையில் அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தாலும், மாடி ரவுட்டரின் சிக்னல் படிக்கட்டு வழியே சிறிதளவு வந்துகொண்டிருக்கும்வரை போன் அதை விடுவதில்லை. பக்கத்தில் நல்ல சிக்னல் இருக்கும்போதும் பழைய பிடியை விடாமல் இருப்பது போன்களின் குணம்.

மின்தடை வந்தபோது என்ன நடந்திருக்கும்? ஹாலுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு, மாடிக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாடி ரவுட்டர் அணைந்தது. பிடி விட்ட போன், அதே பெயருள்ள கீழ் மோடத்தைப் பிடித்தது. உடனே டாங்கிள் தெரிந்தது. மின்சாரம் வந்து, நீங்கள் மாடிக்கு ஒருமுறை போய் வந்ததும் கதை பழையபடி ஆனது. மின் அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யூடியூப் புதிரும் இதோடு அவிழ்ந்துவிடுகிறது. 'யூடியூப் இணைகிறது, ஆகவே வைஃபையில் குறை இல்லை' என்று வாதிட்டிருக்கிறீர்கள். ஆசிரியையின் தர்க்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 12 இலக்க எண் வழி வேறு. அது வீட்டுக்குள் தேடுவதே இல்லை. போனும் டாங்கிளும் தனித்தனியாக இணையத்துக்குப் போய் யூடியூபின் கணினிகள் வழியாகச் சந்தித்துக்கொள்கின்றன. டிவி இங்கேயும் போன் பக்கத்து ஊரிலும் இருந்தாலும் அந்த எண் வேலை செய்யும். ஆகவே எண் போட்டால் வருகிறது, தேடினால் வருவதில்லை என்றாலே வீட்டுக்குள்ளான தேடலில்தான் தடை என்று முடிவுகட்டலாம்.

ஊகத்தை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. போனில் செட்டிங்ஸ் சென்று, வைஃபை பட்டியலில் இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியைத் தட்டுங்கள். கீழே இறக்கினால் ஐ.பி. முகவரி என்று நான்கு பகுதிகள் கொண்ட எண் இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டாங்கிளின் ரிமோட்டை எடுத்து, டிவித் திரையில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை பெயர் என்று சென்று அங்கிருக்கும் எண்ணையும் எழுதுங்கள். முதல் மூன்று பகுதிகளை மட்டும் ஒப்பிடுங்கள். போனில் 192.168.0.104 என்றும் டாங்கிளில் 192.168.1.25 என்றும் இருந்தால் மூன்றாவது பகுதி வேறு. அதாவது வெவ்வேறு நெட்வொர்க். நான் சொன்னது உறுதியாகிவிடும். மூன்று பகுதிகளும் ஒன்றாக இருந்தால் என் ஊகம் தவறு. அப்போது கீழே அனுமதிகள் பற்றிச் சொல்லியிருப்பதற்கு நேராகப் போய்விடுங்கள்.

மூன்று வழிகள், எது உங்களுக்கு ஏற்றது

பைசா செலவில்லாத வழி, மாடி ரவுட்டரின் வைஃபை பெயரை மாற்றுவது. கடைசியில் 'மாடி' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். அதன்பின் ஹாலில் டிவி பார்க்கும்போது கீழ் மோடத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் நினைவு வைத்து மாற்ற வேண்டும்.

டாங்கிளை மாடி ரவுட்டரோடு இணைத்துவிடுவது இன்னொரு வழி. உங்கள் மகளோ விருந்தினரோ கீழ் மோடத்தில் இணைந்திருந்தால் அவர்களுக்கு டாங்கிள் தெரியாது. தவிர ஹாலுக்கு மாடி சிக்னல் மெலிதாக வருவதால் வீடியோ நின்று நின்று ஓடும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முறையான தீர்வு, மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுவது. அதன்பின் அது தனி நெட்வொர்க்கை உருவாக்காது. கீழ் மோடத்தின் நெட்வொர்க்கையே மாடிக்குக் கொண்டுசெல்லும் வேலையை மட்டும் செய்யும். பெயர் ஒன்றாகவே இருக்கலாம், போன் எதைப் பிடித்திருந்தாலும் டாங்கிள் தெரியும். இப்போது விற்கும் பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த முறை அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. இல்லாத பழைய ரவுட்டர் என்றால், டி.ஹெச்.சி.பி. என்பதை (சாதனங்களுக்கு ஐ.பி. எண் கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியைக் கீழ் மோடத்தோடு மோதாதபடி மாற்றி, கேபிளை 'வான்' (WAN) துளையிலிருந்து 'லான்' (LAN) துளைக்கு மாற்றிச் செருக வேண்டும். மகன் அடுத்த வீடியோ அழைப்பில் வரும்போது இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குச் சட்டென்று விளங்கிவிடும். முறை மாறியதும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான முகவரியும் மாறிவிடும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். பலர் அதை மறந்துவிட்டு ரவுட்டர் செத்துவிட்டது என்று பதறுகிறார்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கீழே உள்ள ஃபைபர் மோடத்தின் பின்புறம் ஊசியால் குத்தும் ரீசெட் துளை இருக்கும். அதை யார் சொன்னாலும் தொடாதீர்கள். இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பல மோடங்களில் அதற்குள்ளேதான் பதிந்திருக்கும். அழிந்தால் நிறுவனத்து ஆள் வந்து மறுபடி போடும்வரை வீட்டில் இணையமே இருக்காது.

எண்கள் ஒன்றாக இருந்தும் தெரியவில்லை என்றால்

இதே குறை உள்ள வேறு வாசகர்களும் இருப்பார்கள் என்பதால் இதைச் சற்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளில் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்திருக்கிறது. புதிய போனில் ஆப் முதன்முறை கேட்கும்போது பயந்து 'அனுமதிக்காதே' என்று தட்டியிருப்போம். செட்டிங்ஸில் ஆப்பின் அனுமதிகளுக்குப் போய் அதைத் திறந்துவிடுங்கள். ஐபோனில் 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்று இதே போன்ற அனுமதி உண்டு. அடுத்தது வி.பி.என்., அதாவது போனின் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் வசதி. போன் திரையின் மேல்பகுதியில் சிறு சாவிக் குறி தெரிந்தால் ஏதோ ஒரு வி.பி.என். ஓடுகிறது என்று பொருள். 'பாதுகாப்பு' என்ற பெயரில் வரும் சில ஆப்கள் அதைச் சத்தமில்லாமல் இயக்கிவிடும். அது ஓடும்போது வீட்டுக்குள் உள்ள சாதனங்கள் மறைந்துபோகலாம். அணைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள்.

ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்திருந்தால் காஸ்ட் நடக்காது. விருந்தாளி ஒருவரின் போன் வீட்டிலுள்ள மற்ற கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. 'ஏ.பி. ஐசோலேஷன்' என்ற வசதியும் அதே வேலையைச் செய்யும். விடுதி அறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் டிவி கண்ணெதிரே இருந்தும் போனில் வராததற்கு இதுதான் காரணம். அங்கே அது வேண்டுமென்றே பூட்டப்பட்டிருக்கிறது, நல்லதற்குத்தான்.

ப்ளூடூத்தை இயக்கி டிவியோடு இணைத்துப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிவிக்கு ப்ளூடூத் வழியே ஒலிதான் போகும், படம் போகாது. போன் 5 கிகாஹெர்ட்ஸ், டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதனால் சேராது என்று கடைப் பையன் சொன்னதும் பொதுவாகச் சரியல்ல. ஒரே ரவுட்டர் தரும் இரண்டு அலைவரிசைகளும் வழக்கமாக ஒரே நெட்வொர்க்தான். சில மலிவு ரவுட்டர்களில் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தேடல் செய்தி போய்ச் சேராமல் இருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் தெரிந்து, சில மணி நேரம் கழித்து மறைகிறது என்றால் அங்கே சந்தேகப்படலாம்.

ரீசெட் மட்டும் வேண்டாம். போனில் இருந்ததையெல்லாம் இழந்து ஏற்கெனவே பாடம் படித்துவிட்டீர்கள். டாங்கிளுக்கும் அதே பேச்சுத்தான். 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் டாங்கிள்கள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் முரண்டுபிடித்தன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துபோனதுதான் காரணம். ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொல்ல வேண்டியதாயிற்று. பொறுத்திருந்தவர்களுக்கு அப்டேட் வந்து சரியானது, அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள் மறுபடி அமைக்க முடியாமல் திண்டாடினார்கள்.

மருமகன் நெட்ஃபிளிக்ஸில் காஸ்ட் பொத்தானையே காணவில்லை என்று குறைப்பட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டுக் கோளாறு அல்ல. ரிமோட்டோடு வரும் பெரும்பாலான டிவிகளுக்கும் டாங்கிள்களுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதை அந்த நிறுவனம் 2025 இறுதியில் நிறுத்திவிட்டது. டாங்கிளில் உள்ள நெட்ஃபிளிக்ஸ் ஆப்பையே திறந்து ரிமோட்டால் பார்க்கச் சொல்லுங்கள்.

டாங்கிளைத் திருப்பிக் கொடுக்கலாமா

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதாகவும், அதை எதிர்த்து நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் என்ன அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. ஆனால் உங்கள் டாங்கிளில் குறை இல்லையே. மின்தடை நாளில் அது ஒழுங்காக ஓடிக் காட்டிவிட்டது. வேலை செய்யும் பொருளைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அது கடைக்காரரின் நல்ல மனதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் கடையில் வாங்கிய 300 ரூபாய்க்கு ரசீது கேட்கலாம். 'வைஃபை பகுதி பழுது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதுமே பலருக்குத் தங்கள் முடிவில் சந்தேகம் வந்துவிடும். பிடிவாதமாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், 300 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் அலைவது உங்களுக்குத் தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாமல் இருப்பதோடு விட்டுவிடுவேன்.

நீங்கள் சிறிதாக எழுதிய பெரிய விஷயம்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடி எடுத்த ஒரு 'வாடிக்கையாளர் சேவை' எண்ணுக்குப் பேசியதாகவும், எதிர்முனையில் இருந்தவர் ஓர் ஆப்பை இறக்கச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டதாகவும், மனத்துக்குச் சரியாகப் படாததால் வைத்துவிட்டதாகவும். காஸ்ட் தொல்லையைவிட எனக்கு இதுதான் கவலை தந்தது. அந்த ஆப், உங்கள் போன் திரையை இன்னொருவர் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடுவது. இந்த வகை ஆப் ஒன்றின் பெயரைச் சொல்லி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விடுத்தது. எண்ணைக் கொடுத்திருந்தால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யை உங்களோடு சேர்ந்து அவரும் படித்திருப்பார். நிறுவனங்களின் பெயரில் போலி உதவி எண்களை இணையத்தில் பரப்பி வைப்பது இந்தக் கூட்டத்தின் வாடிக்கை.

ஆப் இன்னும் போனில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இன்றே நீக்குங்கள். வேறு எந்தப் பெயர் தெரியாத ஆப்புக்கும் 'அணுகல்தன்மை' (ஆக்சஸிபிலிட்டி) அனுமதி, அதாவது திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் அனுமதி, போயிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கின் கடைசிப் பரிவர்த்தனைகளை ஒருமுறை பாருங்கள். நீங்கள் செய்யாத ஏதாவது இருந்தால் அடுத்த நாள்வரை காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

இதையொட்டி ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவுக்குக் காஸ்ட் பொத்தான் இல்லாததால், பேத்தியின் நடனத்தைப் பார்க்க முழுத் திரையையும் டிவியில் காட்டுவீர்கள். அந்த நேரத்தில் வரும் ஓ.டி.பி.யும் தனிப்பட்ட செய்தியும் ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் பெரிய எழுத்தில் தெரியும். காட்டுவதற்கு முன் 'தொந்தரவு செய்யாதே' முறையை இயக்கிவிடுங்கள்.

புதிய டிவி இப்போதைக்கு வேண்டாம். மாடி ரவுட்டர் சரியாகும்வரை பேத்தியின் வீடியோக்களைப் பார்க்க ஒரு பழங்கால வழியும் இருக்கிறது. ஒரு பக்கம் டைப்-சி முனையும் மறுபக்கம் சாதாரண யு.எஸ்.பி. முனையும் உள்ள பென்டிரைவ் கடைகளில் கிடைக்கும். போனில் செருகி வீடியோவை நகலெடுத்து, டிவியின் யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எம்.பி.4 வீடியோக்கள் பெரும்பாலும் ஓடிவிடும். போனிலேயே எடுத்த உயர்தர வீடியோ ஓடாவிட்டால், கேமரா செட்டிங்ஸில் ஹெச்.இ.வி.சி. முறையில் பதிவாகிறதா என்று பாருங்கள். பழைய டிவிகள் சிலவற்றுக்கு அந்த முறை புரியாது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கலாமா என்று யாராவது ஆசை காட்டினால், உங்கள் போனின் டைப்-சி துளை படத்தை வெளியே அனுப்புமா என்று முதலில் கேளுங்கள். எல்லாப் போன்களும் அனுப்புவதில்லை.

இரண்டு ஐ.பி. எண்களையும் எழுதி அனுப்புங்கள், அம்மா. மாடி ரவுட்டரின் அடிப்பக்க லேபிளில் உள்ள மாடல் பெயரையும் சேர்த்தால், ஆக்சஸ் பாயின்ட் முறை அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மகனுக்குக் காட்ட வசதியாகக் குறித்துத் தருகிறேன். லேபிளைப் படம் பிடித்து அனுப்புவதானால், அதில் அச்சடித்திருக்கும் வைஃபை பாஸ்வேர்டை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.